டாய் ஹன்டர்: பொம்மை அருமை, கணக்குதான் உதைக்கிறது

அமெரிக்க டிவி சேனலான டிராவல் சேனலில் 2012 ஆகஸ்டில் ஆரம்பித்த 'டாய் ஹன்டர்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். ஜோர்டன் ஹெம்ப்ரோ என்ற நியூ ஜெர்சி வியாபாரி அமெரிக்காவில் ஊர் ஊராகப் போகிறார். யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலும் கராஜிலும் கிடக்கிற எழுபது, எண்பதுகளின் பொம்மைகளைக் கிளறுகிறார், பேரம் பேசுகிறார், வாங்குகிறார். அப்புறம் ஏதாவது பொம்மைச் சந்தையில் மேஜை போட்டு விற்கிறார். எபிசோடுக்கு அரை மணி நேரம். கிட்டத்தட்ட எல்லாமே இதே தடம்தான்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எந்த வியாபாரத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கொள்முதல் விலைக்குத்தான் போகும். தொடரை அந்தக் கோணத்தில்தான் பார்த்தேன். ஏக்கத்தோடு பார்க்கிறவர்களுக்கு என் புகார்கள் அற்பமாகத் தெரியலாம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பெட்டியைத் திறந்து பொம்மையைக் கையில் எடுக்கிற நிமிடங்கள் பிரமாதம். கை கால் மூட்டு தளர்ந்திருக்கிறதா, முகத்தில் பெயின்ட் உரசியிருக்கிறதா, கூட வந்த குட்டித் துப்பாக்கி இருக்கிறதா என்பதை வைத்தே விலை ஏறும், இறங்கும். ஸ்டார் வார்ஸ் சினிமாவை வைத்து கென்னர் கம்பெனி போட்ட பொம்மைகளில் ஜாவா என்று ஒரு குள்ள உருவம் உண்டு. முதலில் வந்த சரக்கில் அதற்கு வினைல் என்கிற மெல்லிய பிளாஸ்டிக்கில் அங்கி. ஆள் குள்ளம், விலையோ மற்ற பொம்மைகளின் விலையேதான். மேலே ஒரு வினைல் துண்டை மட்டும் போட்டால் மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். துணி ஜாவா சல்லிசாகக் கிடைக்கும். வினைல் ஜாவாவுக்கு ஆயிரக்கணக்கான டாலர். அதனால் அதே வரிசையில் வந்த ஓபி-வான் என்ற பெரிய பொம்மையின் வினைல் அங்கியை எடுத்து, ஜாவா அளவுக்கு வெட்டி மாட்டிவிடுகிற கில்லாடிகள் இருக்கிறார்கள். கை நுழையும் ஓட்டை, வெட்டின ஓரம், வினைலின் நிறம் எல்லாம் பார்த்துத்தான் பணத்தை எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட சோதனையை நிதானமாகக் காட்டினால் நான் இரண்டு மணி நேரம்கூட உட்கார்ந்து பார்ப்பேன். இவர்களோ கேமராவைச் சட்டென்று அடுத்த அலமாரிக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

கதைகளுக்கும் இடம் போதவில்லை. 1977 கிறிஸ்துமஸுக்குள் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைச் செய்து முடிக்க கென்னரால் முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வெறும் அட்டை உறையை விற்றார்கள். உள்ளே ஒரு சான்றிதழ். அதை அனுப்பி வைத்தால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் தபாலில் வரும். சரக்கே இல்லாமல் ரசீதை விற்றுப் பண்டிகைப் பணத்தை வாங்கிப் போட்டிருக்கிறார்கள்! என் தொழிலில் இதை 'முன்பணம்' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவோம். இன்றைக்கு அந்த அட்டை உறைக்கே தனி விலை.

இன்னொன்று, போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பொம்மை. முதுகிலிருந்து ராக்கெட் பாயும் என்று விளம்பரம் செய்தார்கள். அந்தச் சமயத்தில் வேறொரு கம்பெனியின் விண்கலப் பொம்மையிலிருந்து வந்த ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்துபோனான். கென்னர் ராக்கெட்டை அசையாமல் ஒட்டித்தான் 1979-இல் பொம்மையை அனுப்பியது. சோதனைக்காகச் செய்த சில மாதிரிகள் மட்டும் வெளியே தங்கிவிட்டன. அதில் ஒன்று 2024-இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. கடைக்கே வராத சரக்குக்கு இந்த விலை. எந்தப் பேரேட்டில் இதை ஏற்றுவது?

சரி, புகாருக்கு வருகிறேன். இத்தனைக்கு வாங்கினார், விற்றால் இத்தனை வரும் என்று காட்டும்போது, நடுவில் உள்ள வித்தியாசம் முழுக்க லாபம் என்பதுபோல் ஒரு தோற்றம் வருகிறது. எங்கே ஐயா பயணச் செலவு? சந்தையில் மேஜை வாடகை? விற்காமல் திரும்பி வந்த பொம்மைகள் எந்தக் கணக்கில்? ஒரு பொம்மைக்கு ஆள் கிடைக்க இரண்டு வருடம் ஆனால், அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி யார் தருவது? எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் நல்ல வியாபாரமாகவே இருக்கலாம். ஆனால் கழித்துக் காட்டவில்லையே!

அதோடு இது கெட்டுப்போகிற சரக்கு. வெள்ளை பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளடிக்கும். 1982-இல் வரத் தொடங்கிய சின்ன ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மைகளை உள்ளே ஒரு ரப்பர் வளையம்தான் பிடித்திருக்கிறது; அது இற்றுப்போனால் ஆள் இரண்டு துண்டு. டிரான்ஸ்ஃபார்மர் என்கிற உருமாறும் ரோபோ பொம்மைகளில் சில பழையவற்றின் தங்க நிறப் பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள்ளேயே நொறுங்கத் தயாராகிவிடும். திறக்காத பெட்டி என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவருக்கு உள்ளே என்ன நிலைமை என்றே தெரியாது. தொடர் இந்தப் பக்கம் இன்னும் அழுத்தமாகப் போயிருக்க வேண்டும்.

பேரம் பேசும் இடங்கள் பாதிக்குப் பாதி. விற்பவர் ஒரு விலை சொல்வார், இவர் குறைத்துக் கேட்பார், பின்னணி இசை ஏறும், கை குலுக்குவார்கள். சலிப்பு. ஆனால் விற்பவர் தயங்கும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பணம் வேண்டும், பொம்மையையும் விட மனசில்லை. அந்த முகத்தை யாரும் எழுதிக் கொடுத்து நடிக்க வைக்க முடியாது. ஹெம்ப்ரோவின் உற்சாகம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. பொம்மை மேல் இருக்கிற ஆசை பொய் இல்லை என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். சந்தைப் பகுதி வந்தால் ஓட்டிவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை. பார்த்த சூட்டில் வீட்டில் இருக்கிற பழைய பொம்மைக்கு விலை தேடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈபே விற்பனைத் தளத்தில் ஆட்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவை என்று தனியாக வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. அதிலும் துப்பாக்கி, அங்கி, பெட்டி எல்லாம் உங்களிடம் இருப்பதுபோலவே இருக்கிற பொம்மையோடுதான் ஒப்பிட வேண்டும்.