பதினைந்து நிமிட மதியச் சாப்பாடு: பிளாட்பார சொபாவா, தெருக்கடை சொபாவா?

ஜப்பானில் நின்றபடியே நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் கடைகளை ‘தாச்சிகுயி’ என்பார்கள். அங்கே முக்கியமாகக் கிடைப்பது சொபா, அதாவது பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் நூடுல்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கடையும் ஒன்றுபோலத்தான் தெரியும்: வாசலில் டோக்கன் மெஷின், உள்ளே நெஞ்சளவு உயரத்தில் கவுன்ட்டர், சோயா சாஸும் உலர்மீனும் கலந்த ஆவி. உண்மையான வேறுபாடு நூடுல்ஸ் எந்த நிலையில் கடைக்கு வந்து சேர்கிறது என்பதில்தான் இருக்கிறது. அது தெரிந்தால் எங்கே எதைக் கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ரயில் பிளாட்பாரக் கடைகள் பலவற்றில் தொழிற்சாலையில் ஏற்கெனவே வேகவைத்த சொபாதான் வரும், ஆளுக்கொரு உருண்டையாக. அதைக் கைப்பிடி வைத்த வலைக்கூடையில் போட்டு, கொதிநீரில் பத்து இருபது வினாடி முக்கி, இரண்டு உதறு உதறிக் கிண்ணத்தில் கவிழ்ப்பார்கள். மேலே சாறு, அதன் மேல் நறுக்கிய வெங்காயத்தாள். டோக்கனை நீட்டிய ஒரு நிமிடத்துக்குள் கிண்ணம் கைக்கு வந்துவிடும். இந்த நூடுல்ஸில் பக்வீட் மாவைவிடக் கோதுமை மாவே பெரும்பாலும் அதிகம். பல்லுக்கு எதிர்ப்பே இருக்காது. ஆனால் அந்த மென்மைதான் சாற்றை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. சூடான சாற்றோடு சாப்பிட இதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

தெருக்கடைகளில் இன்னொரு வகை உண்டு. யுதெதாரோ போன்ற சங்கிலிக் கடைகள் நூடுல்ஸைக் கடையிலேயே தயாரித்து, பச்சையாக இருப்பதை வேகவைத்துத் தருகின்றன. கூட்ட நேரத்தில் மொத்தமாக வேகவைத்து எடுப்பதால், ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈடு தொடங்கும்போது போய் நின்றால் மூன்று நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு வீண் இல்லை. பக்வீட்டின் வாசனை தெரியும், கடித்தால் நூல் அறுபடுவது பல்லுக்குப் புரியும்.

அதனால் குளிர்ந்த சொபாவை (மோரி, ஸாரு என்று மெஷினில் இருக்கும்) பச்சை நூடுல்ஸ் வேகவைக்கும் கடையில் மட்டும் கேளுங்கள். வெந்த உடனே குளிர்நீரில் அலசினால் மேலே ஒட்டிய மாவுப்பசை போய் நூல் இறுகும். குளிர் சொபாவின் உயிரே அந்த இறுக்கம்தான். முன்பே வெந்து கிடந்த உருண்டையை மறுபடி சுடவைத்துக் குளிரவைத்தால் அந்த இறுக்கம் திரும்பாது. கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், ஒளித்துவைக்கச் சூடான சாறும் இல்லை. “நின்று சாப்பிடும் சொபா சுமார்தான்” என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்தத் தவறைச் செய்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

நேரக் கணக்கிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சூடான கிண்ணம் ஒரு நிமிடத்தில் வரும், ஆனால் சூடு தணியத் தணியத்தான் சாப்பிட முடியும். ஆறேழு நிமிடம் ஆகும். குளிர் சொபா வரத் தாமதமானாலும் நான்கு நிமிடத்தில் தட்டு காலி. மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ரயில் வரும் நேரம் மட்டும் கையில் இருந்தால் பிளாட்பாரம், இல்லையென்றால் தெருக்கடை.

மேலே போடும் பண்டத்தில் பிளாட்பாரக் கடைக்கு ஏற்றது காக்கியாகெ. வெங்காயம், கேரட் சீவல்களை மாவில் பிணைத்துப் பொரித்தது. நம் வெங்காய பக்கோடாவைத் தட்டையாக, உள்ளங்கை அகலத்துக்குச் செய்தாற்போல் இருக்கும். முன்பே பொரித்து அடுக்கியிருப்பார்கள், ஆறித்தான் இருக்கும். கவலையில்லை. முதலில் மொறுமொறு ஓரத்தைக் கடித்துவிட்டு, மிச்சத்தைச் சாப்ஸ்டிக்கால் மெல்ல அமுக்குங்கள். அடிப்பாகம் ஊறி, எண்ணெய் சாற்றின் மேல் சின்னச் சின்ன வட்டங்களாக மிதக்கும். அப்போதிலிருந்து சாற்றின் சுவையே வேறு. முழுதாக மூழ்கவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் அது கரைந்து கூழாகிவிடும். இதே ஆறிய காக்கியாகெயைக் குளிர் சொபாவோடு வாங்காதீர்கள். எண்ணெய் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

சொபாவா, உதொன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸா என்பது ஊரைப் பொறுத்தது. டோக்கியோ பக்கம் சாறு கறுப்பு: அடர்ந்த சோயா சாஸ், உலர்ந்த போனிட்டோ மீனின் காரமான வாசனை. அது சொபாவுக்கு. ஒசாகா பக்கம் கொம்பு என்ற கடற்பாசி முன்னால் நிற்கும், சோயா சாஸும் வெளிர்நிறம், அடியில் கிண்ணம் தெரியும். அங்கே உதொனைக் கேட்பதுதான் சரி. பெயரும் மாறும்: டோக்கியோவில் தனுக்கி என்றால் டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரிக்கும் பண்டம்) பொரியும்போது உதிரும் மாவுத்துளிகள்; ஒசாகாவில் அதே பெயருக்கு இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு வைத்த சொபா வரும்.

டோக்கியோ, ஒசாகா பாணி இரண்டிலும் சேராதவை இரண்டு. நகோயா நிலையத்து ஷின்கான்சென் (புல்லட் ரயில்) பிளாட்பாரத்தில் கிடைக்கும் கிஷிமென் என்ற தட்டையான கோதுமை நூடுல்ஸ் ஒன்று. ஹிமேஜி நிலையத்தில் 1949 முதல் விற்கும் ‘எகிசொபா’ இன்னொன்று. அதில் பக்வீட்டே கிடையாது. காரத்தன்மை (ஆல்கலைன்) உள்ள நீர் சேர்த்த மஞ்சள் சீன நூடுல்ஸை ஜப்பானியச் சாற்றில் போடுவார்கள். போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில், சீக்கிரம் கெட்டுப்போகாத நூடுல்ஸ் தேடி வந்த ஏற்பாடு அது. ஹிமேஜியில் இறங்கினால் இதை விட்டுவிடாதீர்கள்.

மெஷினில் சிக்கல் வருவது பெரும்பாலும் பணத்தால்தான். பழைய மெஷின்கள் பல 1,000 யென் நோட்டும் சில்லறையும் மட்டுமே வாங்கும். 10,000 யென் நோட்டோடு நின்றால் பின்னால் வரிசை நீளும். டோக்கனைக் கொடுக்கும்போது “சொபா தே” அல்லது “உதொன் தே” என்று சொல்ல வேண்டும், ஒரே டோக்கன் இரண்டுக்கும் பொருந்தும் கடைகள் நிறைய. தண்ணீரை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சைவர்கள் கவனிக்க: மேலே மீன் இல்லாவிட்டாலும் சாற்றில் மீன் உண்டு. குளிர் சொபாவைத் தொட்டுக்கொள்ளும் சாறும் அப்படியே. பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உதொனும் பாதுகாப்பில்லை, பல கடைகளில் இரண்டும் ஒரே கொதிநீரில்தான் முங்கி எழுகின்றன.