தனியறையா, வட்டமா?

தோழிக்குப் போன் செய்கிறோம். எடுக்கவில்லை. மறுபடி செய்கிறோம், அப்போதும் எடுக்கவில்லை. 'என்னை ஒதுக்குகிறாள்' என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது; அன்றைய இரவுத் தூக்கமும் போய்விடுகிறது. மனச்சோர்வு வந்து போனவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே தெரியும்.

இந்த எண்ணத்தை உளவியலாளரிடம் தனியாகக் கொண்டுபோனால் ஒன்று நடக்கும். மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது மனதிலும் உடம்பிலும் நடப்பதை அந்தந்த நொடியில் கவனிக்கப் பழகும் குழுவுக்குக் கொண்டுபோனால் முற்றிலும் வேறொன்று நடக்கும். எதில் சேரலாம் என்று யோசிப்பவர்கள் கட்டணத்தையும் நேரத்தையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் பிலடெல்பியாவில் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் அறிதிறன் சிகிச்சையின் வழிவந்த உளவியலாளர் என்றால், காகிதத்தில் கட்டம் போடச் சொல்வார். என்ன நடந்தது? மனதில் என்ன ஓடியது? அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம்? இல்லை என்பதற்கு? போன வாரம் அவளே கூப்பிட்டுப் பேசியது அப்போதுதான் நினைவுக்கு வரும். 50 நிமிடமும் உங்களுக்கே உரியது. நடுவில் அழுதால் காத்திருப்பார். அப்பா பேசாமல் இருந்த நாட்களுக்கும் தோழி எடுக்காத போனுக்கும் உள்ள தொடர்பு நான்காவது வாரம் தானாக வெளியே வரலாம். அந்தப் பொறுமை வேறெங்கும் கிடைக்காது.

குழுவில் அந்த விசாரணை கிடையாது. தோழி ஒதுக்குகிறாளா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. எண்ணம் வந்தபோது உடம்பில் எங்கே இறுகியது, அடுத்து மனம் எங்கே ஓடியது என்றுதான் கேட்பார்கள். 'இது ஓர் எண்ணம்' என்று பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்பப் பழக்குவார்கள். முதல் வகுப்பில் ஆளுக்கொரு உலர் திராட்சையைக் கொடுப்பார்கள். அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, கடிக்காமல் சற்றுநேரம் இருந்து, பிறகு மெல்ல வேண்டும். விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் இத்தனை நாள் கைநிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கும். எண்ணங்களையும் அப்படித்தான் மெல்லாமல் விழுங்கிவருகிறோம்.

'நாலு பேர் முன்னால் என் கதையைச் சொல்ல முடியாது' என்று பலர் குழு என்றாலே பின்வாங்குகிறார்கள். இந்த வகைக் குழுவில் கதை சொல்லவே வேண்டியதில்லை. கணவரோடு என்ன சண்டை, எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இது ஏறக்குறைய ஒரு வகுப்பு. பயிற்சியில் என்ன கவனித்தீர்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடும். எதிரே இருப்பவர், 'பத்து மூச்சுகூட எண்ண முடியவில்லை, என்னால் எதுவுமே முடியாது என்று தோன்றியது' என்று சொல்லும்போது, உங்கள் மனதில் ஓடிய அதே வாக்கியம் அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பீர்கள். எந்த உளவியலாளராலும் தனியறையில் அதைத் தர இயலாது.

ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இந்தப் பயிற்சியை வகுப்பாகத் தொடங்கினார். பௌத்தத் தியானம்தான் மூலம், ஆனால் வகுப்பில் மதப் பேச்சு இல்லை. சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் இதை அறிதிறன் சிகிச்சையோடு இணைத்து, மனச்சோர்வு திரும்பி வராமல் தடுக்கும் சிகிச்சையாக்கினார்கள். 2000இல் வெளியான அவர்களது ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 66 விழுக்காடு நோய் திரும்பியது. குழுவில் சேர்ந்தவர்களுக்கு அது சுமார் 40 விழுக்காடு. இரண்டே முறை கண்டவர்களுக்கோ பலன் தெரியவில்லை. 2004இல் வந்த அடுத்த ஆய்விலும் இதே வேறுபாடு தெரிந்தது. வேலை போனது, இறப்பு நேர்ந்தது என்று வெளிக்காரணத்தால் திரும்பும் சோர்வைவிட, காரணமின்றி உள்ளிருந்தே கிளம்பும் சோர்வில்தான் இந்தப் பயிற்சி அதிகம் உதவியது. எண்ணத்தை எண்ணமாகப் பார்க்கப் பழகியவருக்கு உள்ளிருந்து கிளம்புவது சீக்கிரம் கண்ணில் படும் என்பதே நான் புரிந்துகொண்ட காரணம்.

தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் இரண்டையும் ஏறக்குறைய நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 16 ஆரம்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் என்று வந்த 215 பேரில் ஒரு பாதியினர் மைண்ட்ஃபுல்னெஸ் குழுவில் சேர்ந்தார்கள். மறுபாதியினருக்கு வழக்கமான சிகிச்சை, பெரும்பாலும் தனிநபர் சிகிச்சை. எட்டு வார முடிவில் இரு பக்கமும் ஒரேபோலத் தேறியிருந்தன. 2015இல் வெளியான இந்த முடிவு எனக்குப் பெரிய ஆறுதல். உளவியலாளர்கள் குறைவாக இருக்கும் ஊர்களில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்க்க முடியும் என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் குழுவின் விலை வேறு வகையில் வரும். வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள், தினமும் 45 நிமிடம் வரை பயிற்சி. படுக்கையைவிட்டு எழவே முடியாத நிலையில் இருப்பவரிடம் அதைக் கேட்பது கொடுமை. கடும் சோர்வில் இருப்பவருக்கும், பழைய வன்முறையின் காயம் ஆறாதவருக்கும், சாகத் தோன்றுகிறது என்பவருக்கும் முதலில் தனியறைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணை மூடி உடம்பைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்கு அந்தப் பழைய நாளே திரும்பிவிடும். அப்போது ஒருவர் அருகில் இருந்து கவனிக்க வேண்டும். சாகும் எண்ணம் இருந்தால் இந்தியாவில் 14416 எண்ணுக்கு இன்றே பேசுங்கள்.

தேறி எழுந்து, 'மறுபடி வந்துவிடுமோ' என்ற பயத்தோடு நடமாடுகிறவருக்கு நான் தயங்காமல் குழுவைச் சொல்வேன். நல்ல குழுக்களில் தொடங்குவதற்கு முன் பயிற்றுநர் ஒவ்வொருவரையும் தனியே சந்திப்பார். உங்களுக்கு மனச்சோர்வு வந்தது எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.