பழைய ஜிப்ஸியை உயர்த்த: பட்டையா, ஷாக்கிளா, பாடி லிஃப்டா?

செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி ஜிப்ஸி கிங் ஜீப் வாங்கியாயிற்று. வண்டிக்கே பாதிக் காசு கரைந்துவிட்டது. அடுத்த ஆசை, இரண்டு இன்ச்சாவது உயர்த்த வேண்டும். பட்டறையில் விசாரித்தால் ஒருவர் ஸ்பிரிங் நுனியைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போடச் சொல்வார், இன்னொருவர் ஸ்பிரிங் கட்டில் கூடுதல் பட்டை ஏற்றச் சொல்வார், மூன்றாமவர் பாடியைத் தூக்கி நைலான் கட்டை வைத்தால் ஒரே நாளில் முடிந்தது என்பார். மூன்றிலும் வண்டி உயரும். ஆனால் ஒவ்வொன்றிலும் உயரும் பாகம் வேறு, கெடும் பாகம் வேறு.

ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்சில், நாலு மூலையிலும் இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். காட்டுப் பாதையில் நடு மேட்டில் முதலில் உரசுவது, ஆக்சிலில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டையான டிஃபரன்ஷியல் ஹவுசிங்தான். அது ஆக்சிலோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடுவதில் பாதியளவுதான். கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் 668 மி.மீ. அதை எடுத்துவிட்டு 215/75 போட்டால் 703 மி.மீ.க்குச் சற்று மேல். ஹவுசிங்குக்கு அடியில் 18 மி.மீ. கிடைக்கும். 235/75 போட்டால் ஏறக்குறைய 33 மி.மீ. லிஃப்ட் என்பது பெரிய டயருக்கு மட்கார்டுக்குள் இடம் பண்ணவும், சேஸிஸும் பம்பரும் பாறையில் இடிக்காமல் இருக்கவும்தான்.

அதனால் எதை ஒப்பிடும் முன்னும், வண்டி இப்போது நிற்கும் உயரம் கம்பெனி உயரம்தானா என்று பார்த்துவிட வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாலு பக்கமும் டேப் பிடியுங்கள். இடதும் வலதும் அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு குனிந்து பாருங்கள். மேல் பட்டையில் வளைவே இல்லாமல் ஸ்கேல் மாதிரி நேராக இருக்கிறதா? ஆக்சில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் இடையே இரண்டு விரல்கூட நுழையவில்லையா? ஷாக்கிள் போல்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ் ஒரு பக்கம் நசுங்கி, போல்ட் நடுவில் இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறதா? இதெல்லாம் இருந்தால் உங்களுக்கு வேண்டியது லிஃப்ட் இல்லை, புது ஸ்பிரிங்கும் புஷ்ஷும். எஸ்டேட்டில் உரமூட்டை சுமந்து ஓய்ந்த வண்டிக்கு இதிலேயே ஓர் இன்ச்சுக்கு மேல் திரும்பிவிடும்.

அதற்கு மேலும் வேண்டும் என்பவர்களுக்கு மிக மலிவான வழி ஷாக்கிள். இரண்டு இரும்புத் தகடு, இரண்டு போல்ட், லேத்தில் ஒரு மணி நேர வேலை. ஸ்பிரிங்கின் ஒரு நுனி சேஸிஸில் அசையாமல் இருக்கிறது, ஆக்சில் நடுவில் இருக்கிறது. ஆகவே ஷாக்கிளை இரண்டு இன்ச் நீட்டினால் வண்டி ஓர் இன்ச்தான் உயரும். சிக்கல் முன்பக்கத்தில். ஜிப்ஸியின் முன் ஸ்பிரிங்குக்கு ஷாக்கிள் முன் நுனியில் இருப்பதால், அதை நீட்டினால் ஆக்சில் முன்னோக்கிக் கவிழ்ந்து, ஸ்டியரிங்கை நேருக்கு இழுக்கும் காஸ்டர் சாய்வு குறையும். பைபாஸில் எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் அலையும், வளைவு முடிந்தபின் தானாக நேருக்குத் திரும்பாது. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைத்துத் திருத்தலாம். ஆனால் நீண்ட தகடு பக்கவாட்டில் ஆடுவதற்கு ஆப்பு மருந்தில்லை. இரண்டு தகடுக்கும் நடுவே குறுக்குப் பட்டி வைத்துப் பற்ற வைக்காத ஷாக்கிளை வாங்கவே கூடாது. பின்பக்கம் மட்டும் தொங்கிவிட்ட வண்டிக்கு ஓர் இன்ச் கூடுதல் ஷாக்கிள் நியாயமான வைத்தியம். முன்பக்கத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பட்டை ஏற்றுவதில் இரண்டு ரகம் உண்டு. கட்டுக்கு அடியில் குட்டையான, தடித்த ஒரு பட்டையைச் செருகுவது ஒன்று. சென்டர் போல்டைக் கழற்றிக் கட்டைப் பிரித்து, மேல் பட்டைக்குக் கீழே கிட்டத்தட்ட அதே நீளத்தில் மெல்லிய பட்டையைச் சேர்ப்பது இன்னொன்று. உயரம் இரண்டிலும் ஒன்றரையிலிருந்து இரண்டு இன்ச் வரை வரும். ஓட்டத்தில்தான் வித்தியாசம். குட்டைப் பட்டை நடுவில் மட்டும் ஊன்றிக்கொண்டு ஸ்பிரிங்கின் பாதியை வேலை செய்யவிடாது. ஜிப்ஸியின் காலி எடை ஏறக்குறைய ஒரு டன்தான். ஏற்கெனவே இடுப்பை ஒடிக்கும் வண்டி என்று பெயர் வாங்கியது. இரண்டு பேர் மட்டும் போகும் வண்டியில் தடித்த பட்டை போட்டால் வால்பாறை ரோட்டில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் இறங்கி நடந்தே வந்துவிடுவார். எப்போதும் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அதுவே சரியான தேர்வு. மற்றவர்களுக்கு நீளப் பட்டைதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு வழி, இருக்கும் பட்டைகளையே வளைவு ஏற்றிக் கட்டுவது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஸ்பிரிங் பட்டறைகளில் இதில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குளிர்ந்த நிலையில் சம்மட்டியாலோ பிரஸ்ஸிலோ வளைப்பீர்களா, உலையில் போட்டா? பழுக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு, முறைப்படி மறுபடி டெம்பர் ஏற்றாமல் அப்படியே ஆறவிட்டால் சில மாதத்தில் பட்டை பழையபடி படுத்துவிடும். குளிர்நிலையில் வளைத்ததும் புதுசு அளவுக்கு நிற்காது, ஆனால் கூலி குறைவு. வளைவை அதிகமாக ஏற்றினாலும் வம்புதான். ஸ்பிரிங்கின் நீளம் சுருங்கி ஷாக்கிள் உள்பக்கம் சாய்ந்துவிட்டால், பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் நீள வழியில்லாமல் வண்டி டமாரென்று அடிக்கும்.

ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைக்கச் சொன்னால் வேண்டவே வேண்டாம். ஜிப்ஸியில் ஸ்பிரிங் ஆக்சிலுக்கு அடியில் இருப்பதால், அந்தக் கட்டை வண்டியை உயர்த்தாது, தாழ்த்திவிடும்.

பாடி லிஃப்ட், பெயர்தான் லிஃப்ட். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பதால் ஸ்பிரிங், ஸ்டியரிங் கோணம், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபல்லர் ஷாஃப்ட் எதுவும் மாறாது. ஓட்டம் பழையபடியே இருக்கும். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். அவ்வளவுதான், சேஸிஸ் ஒரு மி.மீ.கூட உயராது. பழைய வண்டியில் மவுண்ட் போல்டெல்லாம் துரு ஏறிப் பாதி முறிந்தே வரும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஸ்டியரிங் ராடு, கியர் லீவர், பெட்ரோல் ஊற்றும் குழாய், ரேடியேட்டர் ஃபேன் கவசம் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஓர் இன்ச் என்றால் சமாளிக்கலாம். மூன்று இன்ச் கட்டை வைத்த வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். எனக்கு அந்தக் காட்சியே பிடிக்காது.

ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே மாற்றும் வேலையில் ஐந்து இன்ச் அளவுக்கு உயரம் வரும், பட்டையும் நன்றாக மடங்கும். ஆனால் ஸ்பிரிங் உட்காரப் புதுசாக பேட் வெல்டிங், ஸ்டியரிங் லிங்க் மாற்றம், நீள பிரேக் ஹோஸ், ஷாஃப்ட் நீட்டல் என்று பட்டியல் போகும். பட்ஜெட் என்ற சொல்லோடு இது சேராது. வண்டியின் அகலமும் நினைவிருக்கட்டும், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே 1.3 மீட்டர்தான். ஜிப்ஸியின் உடன்பிறப்பான சாமுராய் கவிழக்கூடியது என்று 1988இல் அமெரிக்க நுகர்வோர் இதழ் ஒன்று எழுதியதும், சுசூகி 1996இல் வழக்குப் போட்டதும், 2004இல் சமரசமானதும் பழைய கதை. யார் சொன்னது சரியோ, ஐந்து இன்ச் உயர்த்திய ஜிப்ஸியைக் கொண்டைஊசி வளைவில் வேகமாகத் திருப்ப நான் தயாரில்லை.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். பாடி லிஃப்டும் மேலே ஏற்றிய ஸ்பிரிங்கும் அங்கே தூரத்திலிருந்தே தெரியும். கம்பெனி அளவு ஸ்பிரிங்கைப் புதுசாகப் போட்டவருக்கு அந்தக் கவலையே இல்லை.

பணம் குறைவாக இருந்தால் நான் செலவழிக்கும் வரிசை இது: முதலில் புது ஸ்பிரிங்கும் புஷ்ஷும், அடுத்து 215/75 டயர். அந்த அளவு பெரும்பாலும் லிஃப்ட் இல்லாமலே உட்காரும். 235/75 என்றால் விட்டம் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுகிறது. மீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்தாறில் போகும். 1.3 லிட்டர் இன்ஜின் ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துக் கேட்கும். அதன்பிறகும் சேஸிஸ் தட்டினால் மட்டும் நீளப் பட்டை.

பட்டை ஏற்றினால் ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே பாருங்கள். சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஷாக் முழுசாக நீண்டு இழுத்துப் பிடிக்கிறதா, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று கவனியுங்கள். விறைத்தால் நீளமானது போட்டே தீர வேண்டும். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் புதுசாகவே போடுங்கள், பழையதன் மரை ஏற்கெனவே இழுபட்டிருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே மறுபடி முறுக்குங்கள். ஹெட்லைட்டையும் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.