டார்க் ரோஸ்டும் என் அரைவை இயந்திரமும்

நான் வைத்திருக்கும் காப்பிக்கொட்டை அரைக்கும் மின் இயந்திரத்தின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று ஈரோட்டு நண்பர் கேட்டிருக்கிறார். அது பழுதுபார்க்கும் கடையிலிருந்து மறுபடியும் வீடு வந்து சேர்ந்த வாரத்தில் கேட்டதால், பதிலில் சற்றுக் காரம் இருக்கக்கூடும். மோட்டாரின் வலிமையும் கொள்ளளவும் பெட்டியின் மேலேயே இருக்கின்றன. எந்த வறுவலை அது தாங்காது என்பதைத்தான் அச்சிடாமல் விட்டிருக்கிறார்கள்.

பச்சைக்கொட்டையை வறுக்கும்போது ஏறத்தாழ 196 டிகிரி செல்சியஸில் அது முதல்முறை படபடவென்று வெடிக்கிறது. அதையொட்டி இறக்கினால் லைட், இன்னும் சற்றுப் பொறுத்தால் மீடியம். 224 டிகிரியை நெருங்கும்போது எழும் இரண்டாவது வெடிப்பையும் தாண்டினால் டார்க். அந்த இரண்டாவது வெடிப்பில் கொட்டையின் உட்கட்டு நொறுங்கி, உள்ளிருக்கும் எண்ணெய் மேற்பரப்புக்குக் கசிகிறது. கடையில் பார்க்க அழகாக மினுக்கும் அந்த எண்ணெய்தான் அரைவைப் பற்களில் நுண்பொடியைப் பிடித்துவைத்து, நாளடைவில் கருங்கட்டியாக இறுகி, பொடி விழும் வழியையே அடைக்கிறது. எண்ணெய் கொட்டையின் இயல்பு, அதற்கு இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கீழ்ப்பல்லை வீட்டுத் திருப்புளியால் கழற்ற முடியாதபடி பொருத்தியவரை எப்படி மன்னிப்பது?

லைட் ரோஸ்ட் வேறு விதம். கொட்டை இறுக்கமாக இருப்பதால் மோட்டார் முனகும். ஆனால் எதுவும் ஒட்டாது. ஏற்காட்டு அராபிகா வகைக் கொட்டையை இந்தப் பதத்தில் சிறுவாணித் தண்ணீரில் இறக்கினால் பழப்புளிப்பு தெளிவாகத் தெரிகிறது; ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலோ, அதிலுள்ள பைகார்பனேட் என்னும் கார உப்பு அந்தப் புளிப்பை மழுங்கடித்துவிடுகிறது. கோவையில் லைட் ரோஸ்டைப் பழிப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டுக் குழாயை விசாரிப்பது நியாயம். (டார்க் குடித்தால் தூக்கம் கெடும் என்பதும் வீண்பழிதான், எடைக்கு எடை பார்த்தால் காஃபீன் அளவு வறுவலால் பெரிதாக மாறுவதில்லை.)

மீடியம் ரோஸ்டைப் பற்றிப் புகாரே இல்லை. பொடி சீராக விழுகிறது, ஃபில்டரில் டிகாக்ஷன் தங்குதடையின்றி இறங்குகிறது, இயந்திரமும் முனகாமல் ஓடுகிறது. எனினும் எருமைப்பாலின் கொழுப்பையும் சர்க்கரையையும் மீறி நாக்கில் நிற்கும் கசப்பு டார்க்கில்தான் கிடைக்கிறது. எங்கள் வீட்டுக் காலைக் காப்பிக்கு அதுவே வேண்டியிருக்கிறது.

நண்பரும் டார்க் குடிப்பவர். ஆகவே வாங்க வேண்டாம், கடையிலேயே வாரத்துக்கு வேண்டிய அளவு அரைத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவருக்கு எழுதிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதை எனக்கே பாதி விலைக்குத் தந்துவிடுங்கள் என்கிறார். தருவதாக இல்லை.