எங்கள் குசினி பான்ட்ரி கபேட்: சில வருடங்கள் பாவித்த பிறகு

போன கிழமை சிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைக் கழற்றி வெளியே போட்டோம். அதே கிழமை, வட்டக்கச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சிநேகிதி போன் எடுத்து, "உங்கட பான்ட்ரி எப்பிடி? நாங்களும் அந்த ஆக்களிட்டையே குடுக்கட்டோ?" என்று கேட்டாள். அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். ஆறுதலாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீடு கட்டுகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

எங்களுடையது கிளிநொச்சியில், ஏ9 வீதியோரக் காட்சியறை ஒன்றில் ஓடர் கொடுத்து, கொரோனாவுக்கு முந்தின வருடம் பூட்டியது. பெட்டிகள் மெலமைன் (பிளாஸ்டிக் மாதிரி மெல்லிய தோல்) ஒட்டிய சிப் போர்ட், கதவுகள் மரநாரை அமுக்கிச் செய்த எம்டிஎஃப், மேலே கறுப்புக் கிரனைட். கதவுகளின் நிறம் இன்றைக்கும் மங்கவில்லை. பிணைச்சல்களில் ஒன்றுகூடத் தொங்கவில்லை, இடைக்கிடை புரியாணியைக் கொஞ்சம் முறுக்கிவிட்டால் சரி. வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதும் "நல்ல வடிவு" என்கிறார்கள். கண் உயரத்தில் நின்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை எல்லாம் நிலத்தில் இருந்து நான்கு அங்குலத்துக்குள்.

முதல் மாரி முடியும்போதே சிங்குப் பெட்டியின் இடது பக்கப் பலகை அடியில் ஊதத் தொடங்கியது. முதலில் பலகை விளிம்பை மூடி ஒட்டியிருந்த ஓரப்பட்டி லேசாகக் கிளம்பியது. பசை பூசி ஒட்டினோம், திரும்பக் கிளம்பியது. பிறகு மெலமைன் தோல் வெடித்தது. கழற்றிய அன்று பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். தேத்தண்ணீரில் ஊறிய பிஸ்கட் மாதிரிப் பொடிந்து விழுந்தது. உள்ளே கறையான் மண்ணும் ஏறியிருந்தது. ஈரமும் மரமும் இருக்கிற இடத்தை வன்னிக் கறையான் தேடிக் கண்டுபிடிக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இது ஏன் நடக்கிறது என்று திருத்த வந்த தச்சர் எனக்குக் காட்டினார். சிப் போர்ட் என்பது மரச்சீவலைப் பசையோடு சேர்த்து அமுக்கிய பலகை. முகம் இரண்டும் மெலமைன், அதில் தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம். வெட்டின விளிம்பில்தான் விஷயம். அங்கே தண்ணீர் உறிஞ்சப்பட்டால் அமுங்கிக் கிடந்த சீவல் விரியும், பசையும் விட்டுப்போகும். காய்ந்த பிறகும் பழைய அளவுக்கு வராது. எங்கள் பெட்டியில் முன்பக்கம் தெரிகிற விளிம்புக்கு மட்டும் பட்டி ஒட்டியிருந்தார்கள். நிலத்தில் நிற்கிற விளிம்பும், சிங்குக் குழாய் போக வெட்டின ஓட்டையும் வெறும் பலகை. ஒரு பூச்சுக்கூட இல்லை.

இதற்கெல்லாம் மேலே, பக்கப் பலகையையே நிலம் வரை இறக்கிக் காலாக நிற்க வைத்திருந்தார்கள். முறையாகச் செய்கிற பான்ட்ரியில் பெட்டி நிலத்தைத் தொடாது. நான்கு முதல் ஆறு அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் கால்களில் நிற்கும், அவற்றைத் திருகி உயரம் சரிபார்க்கலாம். கால்களை மறைக்கிற முன் அடிப்பலகை அந்தக் கால்களில் கிளிப் போட்டு நிற்கும், இழுத்தால் கையோடு வரும், உள்ளே கூட்டலாம், ஈரம் பார்க்கலாம். முழுப் பான்ட்ரிச் செலவில் அந்தக் கால்களின் விலை ஒரு பொருட்டே இல்லை. அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதுதான். கதவுக்கு இத்தனை நிறம் காட்டினவர்கள் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டோம். உத்தரவாதப் பத்திரத்தை எடுத்து, தண்ணீரால் வரும் சேதம் இதில் சேராது என்ற வரியைக் காட்டினார்கள். குசினிக்குச் செய்கிற சாமானுக்குத் தண்ணீர் சேராதாம். "நிலத்தைக் கழுவக் கூடாது, ஈரத்துணியால துடைக்க வேணும்" என்று பிறகு ஒரு பிள்ளை விளங்கப்படுத்தினாள். செம்புழுதி நாள் முழுக்க வீட்டுக்குள் வருகிற ஊர். மீன் வெட்டுகிற வீடு. வாளித் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவாமல் ஒரு குசினி எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் இந்த ஊரில் விற்கிறவர்கள் இந்த ஊர் நிலத்துக்கு ஏற்றமாதிரிச் செய்ய வேண்டும்.

ஞாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. லாச்சிகள். அடுப்புக்குப் பக்கத்தில் அகலமாக மூன்று பெரிய லாச்சி, மெதுவாகத் தானே மூடுகிற இரும்புத் தண்டவாளத்தில் ஓடுபவை. சட்டி, பானை, குக்கர் எல்லாம் அதற்குள். ஓடர் கொடுக்கும்போது அதில் எனக்குப் பெரிய விருப்பம் இருக்கவில்லை, அவர்கள் படத்தில் இருந்ததால் வந்தது. இப்போது அந்த லாச்சி இல்லாத குசினியில் சமைக்க எனக்குப் பிடிப்பதில்லை. மாமிக்கு முழங்கால் வருத்தம். கதவு வைத்த பெட்டியில் பின்னால் இருக்கிற பானையை எடுக்க நிலத்தில் குந்தி, தலையை உள்ளே விட வேண்டும். லாச்சியை இழுத்தால் பானை தானே முன்னுக்கு வருகிறது, நின்றபடியே எடுக்கிறார். ஆட்டிறைச்சி காய்ச்சுகிற பெரிய அலுமினியப் பானை நிறைய வைத்தும் தண்டவாளம் இன்னும் இறுகவில்லை, சத்தம் போடவில்லை. அந்த வேலையைச் செய்தவனுக்குக் கை கும்பிட வேண்டும்.

புதுக்குடியிருப்பில் தம்பி அலுமினியத்தில் செய்தான். பெட்டிச் சட்டம், கம்போசிட் சீட் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு), சில இடத்தில் லாமினேட் கதவு. எங்களுக்குச் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. ஊதாது, கறையான் தொடாது, கழுவலாம். காசுக்கு எது பெறுமதி என்று மட்டும் கேட்டால் அதுதான். ஆனால் மச்சாளிடம் கேட்டால் வேறு கதை வரும். சட்டத்தின் வெறுங்குழாய்க்குள் கரப்பொத்தான் குடியேறிவிட்டது. வாய் மூடாமல் விட்ட குழாய் முனை ஒவ்வொன்றும் அவற்றுக்கு வாசல். மருந்து அடித்தாலும் உள்ளே போவதில்லை. உப்புப் பேணியும் புளிப் போத்தலும் வைத்த தட்டில் வெள்ளைப் புள்ளி அரித்திருக்கிறது. உப்பும் புளியும் ஈரத்தோடு கிடந்தால் அலுமினியத்தை விடாது. ரிவெட் அடித்த பிணைச்சல் ஆட்டம் கண்டு, கதவு ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. மூடும்போது தகர ஓசை. அலுமினியம் போடுகிறவர்கள் குழாய் முனை எல்லாவற்றுக்கும் மூடி போடச் சொல்லுங்கள். விடாமல் கேளுங்கள், சொல்லாவிட்டால் போட மாட்டார்கள்.

அம்மா வீடு கண்டாவளைப் பக்கம், ஐந்தரை இலட்சம் ரூபாய் தந்த இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் கட்டியது. அங்கே பான்ட்ரி என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேசன் செங்கல் வைத்துக் குறுக்குச் சுவர் எழுப்பி, கொங்கிறீட் தட்டுப் போட்டு, உள்ளும் புறமும் ரைல்ஸ் ஒட்டித் தந்தார். கதவு மட்டும் முதிரை மரத்தில், பழைய வீட்டின் மிச்சப் பலகையை அறுத்துச் செய்தது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது அந்தக் குசினிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சேறை அள்ளிக் கழுவினார்கள், முடிந்தது. அதே வெள்ளத்தில் பக்கத்து வீட்டுச் சிப் போர்ட் அலுமாரி அப்படியே உதிர்ந்துபோனது. இன்னொன்று: மேசன் அம்மாவை நிற்க வைத்து, முழங்கைக்குக் கீழே எவ்வளவு என்று பார்த்துத் தட்டின் உயரத்தை வைத்தார். காட்சியறைகளில் கிடைப்பது எல்லாருக்கும் ஒரே முப்பத்துநான்கு, முப்பத்தைந்து அங்குலம். குள்ளமான ஆள் அதில் தேங்காய் துருவினால் தோள் வலிக்கும்.

சிமெந்தில் லாச்சி பூட்டுவது கரைச்சல். சுவர்களே இடத்தைத் தின்றுவிடும். ஒருமுறை கட்டினால் இடிக்காமல் மாற்ற முடியாது. உள்மூலைகள் இருட்டு, பின்னால் போன பேணியை மாதக்கணக்கில் காண முடியாது. அம்மாவுக்கு அது பிரச்சினை இல்லை, அவருடைய சாமான் முழுக்கக் கை எட்டுகிற தூரத்தில்தான்.

தேங்காய் துருவுவது என்றதும் ஞாபகம் வருகிறது. மேசையில் பூட்டுகிற திருவலை பாவிப்பவர்கள் கிரனைட் விளிம்பு எவ்வளவு தடிப்பு, எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். எங்களுடையதை வடிவுக்காக இரட்டைத் தடிப்பாக உருட்டி விட்டார்கள், திருவலையின் வாய் கொள்ளவில்லை. இப்போது அது பின் திண்ணையில் மரவாங்கில் பூட்டியிருக்கிறது.

காஸ் சிலிண்டரைப் பெட்டிக்குள் வைக்கும்படி செய்வதும் எனக்குப் பிடிக்காது. காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் கீழே தங்கும், மூடின பெட்டியில் அது வெளியேற வழியில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புகள் நடந்ததைக் கேட்டபிறகு நாங்கள் சுவரில் துளை போட்டு 12.5 கிலோச் சிலிண்டரை வெளியே கொண்டுபோனோம். 2022இல் காஸே இல்லாமல் போன மாதங்களில் பின் குசினி விறகடுப்பில்தான் சமைத்தோம். முன் குசினி துடைத்து வைத்தபடி நின்றது. பின் குசினியை இடித்துவிட்டு அந்தக் காசில் பான்ட்ரியைப் பெரிதாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

விலையைப் பற்றி. அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். ஓர் அடிக்குள் மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி, கிரனைட், சிங்கு எது எது சேரும் என்று எழுதி வாங்காமல் இரண்டு கடை விலையை ஒப்பிட முடியாது. 2022இல் டொலர் இருநூறில் இருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறினபோது இறக்குமதிப் பலகையும் பிணைச்சலும் கூடவே ஏறின. அதற்கு முந்தின விலையை யாராவது சொன்னால் அதை வைத்துப் பேரம் பேச முடியாது. பச்சை நிற எம்டிஎஃப் காட்டி "தண்ணி போகாது" என்பார்கள். பச்சை என்பது ஈரக்காற்றைக் கொஞ்சம் தாங்கும் என்பதற்கான சாயம், தேங்கின தண்ணீரில் நின்றால் அதுவும் ஊதும். சிங்குக்குக் காந்தம் வைத்துக் காட்டி "ஒட்டவில்லை, அசல் 304" என்பார்கள், 304 என்பது நல்ல ரக எவர்சில்வர். மட்டமான 201 எவர்சில்வரிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். குழாய் மூட்டிலும் அதே படிவு வந்து, இறப்பர் வளையம் இறுகி, துளித் துளியாகக் கசிகிறது. சிங்குப் பெட்டி முதலில் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சிநேகிதிக்கு என் பதில்: வேண்டாம். பிணைச்சல் நல்லது, நிறம் நல்லது, லாச்சியைப் போல ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை, எல்லாம் உண்மை. இருந்தும் அந்தக் கடைக்கு என் வாயால் ஆள் அனுப்ப மாட்டேன். கழற்றின பலகையின் அடியைப் பார்த்தபிறகு மனம் வரவில்லை. கை இறுக்கமாக இருந்தால் தம்பியைப் போல அலுமினியம், குழாய் முனைகளை மூடி. வெள்ளம் வருகிற காணி என்றால் அம்மாவைப் போலச் சிமெந்து.

நாங்கள் இப்போது செய்தது இதுதான். சிங்கு இடத்தில் மேசனைக் கொண்டு நான்கு அங்குலம் சிமெந்துக் கட்டு வைத்து, முகத்துக்கு நிலத்து ரைல்ஸையே ஒட்டினோம். அதன் மேல் தச்சர் மரைன் பிளைவுட்டில் (தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டின பலகை) பெட்டி செய்து வைத்தார். வெட்டின விளிம்பு, குழாய் ஓட்டை எல்லாவற்றுக்கும் வார்னிஷ் ஊற விட்டு, சுற்றிச் சிலிக்கன் அடித்தார். பழைய கதவையே திரும்பப் பூட்டினோம், அதில் ஒரு குறையும் இல்லையே. மற்றப் பெட்டிகளுக்கும் இதே கட்டு வைக்க வேண்டும். லாச்சிப் பெட்டியின் ஓரப்பட்டியும் லேசாகக் கிளம்புகிறது. சிறுபோக நெல் விற்றதும், மாரி தொடங்க முதல், அதைத்தான் முதலில் தூக்கப் போகிறோம்.