ஏஞ்சல்ஸ் லேண்டிங்கா, அப்சர்வேஷன் பாயிண்டா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சயான் தேசியப் பூங்காவில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், இந்த இரண்டு மணற்கல் உச்சிகளில் எதில் ஏறுவது?

கடல் மட்டத்திலிருந்து உயரம்: ஏஞ்சல்ஸ் லேண்டிங் 5,790 அடி, அப்சர்வேஷன் பாயிண்ட் 6,507 அடி.

அனுமதி: முன்னதற்கு 2022 ஏப்ரல் முதல் குலுக்கலில் கிடைத்தால்தான் உண்டு. பின்னதற்குத் தேவையில்லை.

பாதை: ஏஞ்சல்ஸ் லேண்டிங்கின் கடைசி அரை மைல் குறுகலான பாறை விளிம்பு. இருபுறமும் அதலபாதாளம், சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். விழுந்து இறந்தவர்கள் உண்டு. மழை மேகம் தெரிந்தால் தயவுசெய்து திரும்பிவிடுங்கள், ஈர மணற்கல் வழுக்கும். அப்சர்வேஷன் பாயிண்டுக்கு ஈஸ்ட் மேசா என்ற மேட்டுநிலப் பாதை வழியாகப் போய்வர சுமார் 7 மைல், பெரும்பாலும் சமதளம். ஆனால் பாதை தொடங்கும் இடம்வரை மண் சாலைதான்.

உயரம் கண்டு பயப்படாதவர்களுக்கு ஏஞ்சல்ஸ் லேண்டிங். குழந்தைகளோடு போனால் யோசிக்கவே வேண்டாம், அப்சர்வேஷன் பாயிண்ட்தான். காட்சியும் அங்கேதான் விரிவு. ஏஞ்சல்ஸ் லேண்டிங்கையே கீழே பார்க்கலாம்.