சட்டமிட்ட சான்றிதழும் தினசரிப் பதிவேடும்: காரைக்குடி மருத்துவகம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

காரைக்குடியின் பழைய குடியிருப்புப் பகுதி ஒன்றில், நகரத்தார் வீட்டின் முகப்பையும் அதை அடுத்து முற்றத்தைச் சூழ்ந்திருக்கும் வளவின் ஒரு பகுதியையும் வாடகைக்கு எடுத்து இயங்கிவரும் பொது மருத்துவகத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு. மருத்துவர்கள் கணவனும் மனைவியுமாக இருவர். அப்பத்தாவின் சர்க்கரை நோய்க்கும் பிள்ளைகளின் தடுப்பூசிக்கும் எங்கள் குடும்பம் அங்கேதான் செல்கிறது. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மருத்துவரின் கைராசியைப் பற்றி எழுதுவதற்கு ஊரில் ஆள் பஞ்சமில்லை. தரத்தையும் பாதுகாப்பையும் ஆய்வு செய்ய வரும் அதிகாரி எவற்றைப் பார்ப்பாரோ, அவற்றுள் காத்திருக்கும் நோயாளியின் கண்ணுக்கும் தட்டுப்படுபவை எவை என்பதை மட்டுமே நான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுவரைப் பார்ப்போம். பதிவு மேசைக்குப் பின்னால் சட்டமிட்ட தாள்கள் வரிசையாகத் தொங்குகின்றன. தமிழ்நாட்டில் மருத்துவமனைகளையும் மருத்துவகங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. அதன்படி மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் வழங்கிய பதிவுச் சான்றிதழ் இங்கே உள்ளது. அதன் காலக்கெடுவும் முடியவில்லை. மருத்துவக் கழிவுக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த அங்கீகாரமும் அருகில் இருக்கிறது. படுக்கை இல்லாத சிறு மருத்துவகத்துக்கு இது தேவையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். 2016ஆம் ஆண்டு விதிகள் அவற்றையும் விட்டுவைக்கவில்லை, ஒருமுறை பெற்றால் போதும் என்ற சலுகையை மட்டுமே தருகின்றன. இரு மருத்துவர்களின் பதிவு எண்களும் பெயர்ப்பலகையிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அச்சிடப்பட்டிருக்கின்றன. இதுவும் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் கேட்பதுதான், ஆனால் அதைக் கடைப்பிடிக்காத பலகைகளை இதே தெருவில் காண முடியும். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இங்கே கிடையாது. எனவே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமோ, கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது என்ற பலகையோ தேட வேண்டியதில்லை.

ஆய்வுக்கு வந்தவர் என்ன கண்டார், எதைத் திருத்தச் சொன்னார் என்பதை இந்தத் தாள்கள் சொல்வதில்லை. இங்கிலாந்தில் மருத்துவமனைகள், பராமரிப்பு இல்லங்கள் ஆகியவற்றோடு குடும்ப மருத்துவர்களின் மருத்துவகங்களையும் ஆய்வு செய்யும் பராமரிப்புத் தர ஆணையம் 2009 முதல் இயங்கிவருகிறது. பாதுகாப்பானதா, பலன் தருவதா, பரிவுடையதா, நோயாளியின் தேவையறிந்து நடப்பதா, நன்கு நிர்வகிக்கப்படுவதா என்று ஐந்து கேள்விகள் கேட்டு, மிகச் சிறப்பு என்பதிலிருந்து போதாது என்பது வரை நான்கு தரநிலைகளில் ஒன்றை அது வழங்குகிறது. அந்தத் தரநிலையை வாசலில் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது 2015 ஏப்ரல் முதல் கட்டாயம். முழு அறிக்கையையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். நம் ஊர்த் தனியார் மருத்துவகங்களில் அப்படி ஓர் அறிக்கை நோயாளியின் கைக்கு வரும் வழக்கம் இல்லை. ஆகவே சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவதைவிட, அங்கே அன்றாடம் நிரப்பப்படும் பதிவேடுகளைப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து.

ஊசி போடும் அறையில் இந்த மருத்துவகம் நன்றாகவே தேறுகிறது. அப்பத்தாவுக்கு ஊசி போட்ட நர்ஸ், ஊசியின் மூடியைத் திரும்பப் பொருத்த முயலவில்லை. மேசையோரத்தில் இருந்த நீடில் கட்டரில் அதைச் செருகி அழுத்தினார். ஊசி அறுபட்டு உள்ளே விழுந்த பின் மிஞ்சிய பிளாஸ்டிக் சிரிஞ்சைச் சிவப்புப் பைக்குள் போட்டார், இரத்தம் பட்ட பஞ்சை மஞ்சள் பைக்குள் போட்டார். உடைத்த மருந்துக் குப்பிக்கு நீல அடையாளமிட்ட பெட்டி தனியே இருந்தது. கூர்மையான கழிவுகளுக்கான வெள்ளைக் கலன் துளைபடாத வகையைச் சேர்ந்தது. அது முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியிருக்கவில்லை. அதைத் திறந்து பயன்படுத்தத் தொடங்கிய தேதியைக் கலத்தின் மீது பேனாவால் எழுதியிருந்தார்கள். இவை சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும் நொடியில் செவிலியரின் விரலில் ஊசி எளிதில் குத்திவிடும், ஹெபடைடிஸ் பி தொற்றும் அந்த வழியாக ஏறக்கூடும். பைகளில் பார்கோடு ஒட்டப்பட்டிருந்தது. கழிவை எடுத்துச் செல்லும் வண்டி ஒன்றுவிட்டு ஒரு நாள் வருவதாகச் சொன்னார்கள். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதிக்கு இது சரியாகப் பொருந்துகிறது. பொங்கல் போன்ற தொடர் விடுமுறையில் வண்டி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் தெளிவான பதில் இல்லை. அத்தகைய நிலையில் உரிய அதிகாரிக்குக் காரணத்தைத் தெரிவித்து, கழிவால் கேடு நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதியிலேயே வழி இருக்கிறது. அது அங்கிருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தடுப்பூசி வைத்திருக்கும் ஃபிரிட்ஜைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு அதைவிட முக்கியமான பொருள் அந்தக் கட்டடத்தில் இல்லை. தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்; வெப்பம் ஏறினால் வீரியம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்றவை உறைந்துவிட்டாலும் பயனற்றுப் போகும் என்பதைப் பலர் அறிவதில்லை. இங்கே குப்பிகள் கதவுத் தட்டில் வைக்கப்படாமல் நடுத்தட்டில், பெட்டியின் சுவரைத் தொடாமல் வைக்கப்பட்டிருந்தன. கீழ்த்தட்டில் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்து, ஊழியர்களின் குடிநீர் மருந்தோடு கிடக்கிறதே என்று என் மனைவி முகம் சுளித்தார். உண்மையில் அவை குடிப்பதற்கானவை அல்ல, மின்வெட்டின்போது குளிர்ச்சியைத் தக்கவைப்பதற்காக வேண்டுமென்றே வைக்கப்படுபவை.

கதவில் மாதாந்திர வெப்பநிலைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. காலை, மாலை என நாளுக்கு இரண்டு கட்டங்கள். வார நாள்களில் 4, 5, 4.5, 6 என்று எண்கள் ஏறி இறங்குகின்றன. பேனாவின் நிறமும் கையெழுத்தும் மாறுகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலையிலும் மாலையிலும் 4 என்றே இருந்தது, அதுவும் மறுநாள் திங்கட்கிழமைப் பதிவின் அதே மையில், அதே கையெழுத்தில். ஞாயிறன்று மருத்துவகம் திறப்பதில்லை. “ஞாயித்துக்கெழம யாரும் வர்றதில்லண்ணே, திங்கக்கெழம காலைல வந்து சேத்து எழுதிருவோம்” என்று நர்ஸ் எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சொன்னார். அந்த வெள்ளந்தியான பதிலில்தான் ஆய்வுகளின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது: கட்டம் காலியாக இருந்தால் அதிகாரி கேள்வி கேட்பார், நிரம்பியிருந்தால் கடந்து சென்றுவிடுவார். ஆனால் காரைக்குடியின் சித்திரை வெயிலில் ஞாயிறு பிற்பகலில் மின்சாரம் சில மணி நேரம் நின்றிருந்தால், அந்தத் தாளில் இருக்கும் 4 என்ற எண் என் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது. அரசு வழியாக வரும் குப்பிகளிலாவது வெப்பத்தைக் காட்டும் அடையாளம் உண்டு. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்று நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தனியார் கடைகளில் வாங்கும் தடுப்பூசிகள் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. இதை மருத்துவரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும் கருவி ஒன்றை வாங்கப்போவதாகச் சொன்னார். கருவி இன்னும் வரவில்லை என்றாலும், இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களைக் காலியாகவே விடுகிறார்கள். இட்டு நிரப்பிய எண்ணைவிட அது எனக்கு ஆயிரம் மடங்கு உவப்பாக இருக்கிறது.

கட்டடத்தைப் பற்றி. ஆத்தங்குடித் தளமும் பர்மாத் தேக்குத் தூண்களும் வந்து பார்ப்பவர்களை மயக்குகின்றன; காத்திருக்கும் நேரம் அதனால் இனிமையாகக் கழிகிறது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் சிமென்டும் மணலும் கொண்டு கையால் வார்க்கப்படும் ஆத்தங்குடிக் கல் கடுமையான இரசாயனத்தைத் தாங்காது. கிருமிநாசினியான சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் அடிக்கடி துடைக்க வேண்டிய சிகிச்சை அறைக்கு அது ஏற்ற தரையாக இருக்க முடியாது. இவர்கள் அதை உணர்ந்து, ஊசி அறையிலும் கட்டுப்போடும் அறையிலும் மட்டும் இணைப்பில்லாத வினைல் விரிப்பைப் பரப்பியிருக்கிறார்கள். அழகுக்குப் பங்கம்தான், ஆனால் சரியான முடிவு. முற்றத்தில் மழைநீர் தேங்கும் பழைய அண்டாக்கள் இரண்டு அலங்காரத்துக்காக வைக்கப்பட்டிருந்தன. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும் என்று சுவரில் சுவரொட்டி ஒட்டியிருக்கும் இடத்தில் இதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொசுப்புழு தேடி வந்தபோதுதான் அவை கவிழ்த்து வைக்கப்பட்டனவாம்.

எனக்கு உண்மையிலேயே மனக்குறை தருவது வாசற்படி. பழைய வீடுகளுக்கே உரிய உயரமான படிகள். கைப்பிடி ஒரு பக்கம்கூட இல்லை. சக்கர நாற்காலி வரும்போது பலகை ஒன்றைச் சாய்த்து வைக்கிறார்கள், அதன் சாய்வோ ஏறுபவருக்கும் தள்ளுபவருக்கும் பயம் தருவது. மூட்டுவலியுள்ள ஆச்சிமார்தான் இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் என்பதால் இதைச் சிறு குறையாகக் கருத முடியவில்லை. தீயணைப்புக் கருவி மருந்தகத்தின் அருகே மாட்டப்பட்டுள்ளது. முள் பச்சைப் பகுதியில்தான் நிற்கிறது, ஆனால் பராமரிப்புச் சீட்டில் எழுதிய தேதி கடந்துவிட்டது. இவ்வளவு மரம் உள்ள வீட்டில் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கக் கூடாது.

கட்டுப்போடும் கருவிகளை, அழுத்தமான நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில்தான் கிருமி நீக்குகிறார்கள். 121 டிகிரி வெப்பத்தில் வைத்து எடுத்த பொட்டலத்தின் மீது ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடுகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே பிரிக்கிறார்கள். அந்தக் கோடுகள் பொட்டலம் வெப்பத்தைச் சந்தித்ததை மட்டுமே காட்டும், உள்ளே கிருமி செத்ததை உறுதிசெய்வதற்கு உயிரிச் சோதனை தேவை. அதற்கான பதிவை நான் கேட்கவில்லை. மருந்துச் சீட்டுகள் மருந்தின் பொதுப்பெயரோடு, படிக்கும்படியான பெரிய எழுத்துகளில் எழுதப்படுகின்றன. அப்பத்தாவின் பழைய பரிசோதனை முடிவுகளைக் கேட்டபோது அன்று மாலையே பிரதி கிடைத்தது. விதி அனுமதிக்கும் அவகாசம் 72 மணி நேரம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களோடு ஒப்பிட்டால், ஒரு விஷயத்தில் தனியார் மருத்துவகங்கள் பின்தங்கியே நிற்கின்றன. தேசியத் தர உறுதிச் சான்று பெற முனையும் அரசு நிலையத்தில் நோயாளியின் உரிமை முதல் தொற்றுத் தடுப்பு வரை எட்டுப் பகுதிகளில் மதிப்பெண் போடுகிறார்கள். தேறிப் பெறும் சான்றும் மூன்றாண்டுகளுக்கே செல்லும். சிறு தனியார் மருத்துவகம் விரும்பினால் மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எச். தரும் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம், கட்டாயம் ஏதுமில்லை, இவர்களும் விண்ணப்பிக்கவில்லை.

காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறு காயம் ஆகியவற்றுக்கு இந்த மருத்துவகத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். தடுப்பூசிக்குச் செல்பவர்கள் ஃபிரிட்ஜின் கதவில் உள்ள தாளைக் காட்டும்படி கேளுங்கள்; முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். படியேற முடியாதவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவர் தெருவாசலுக்கே இறங்கி வந்து, காரில் அமர்ந்திருப்பவரைப் பார்த்துவிட்டுச் செல்கிறார். ஆனால் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தால் உள்ளேதான் போயாக வேண்டும்.